ரெம்பியாவுக்குக் கொண்டுபோன படம்

சனிக்கிழமை, காலை 9.10. தங்கா பத்துவில் எங்கள் புது வீட்டு வாசலில் வாடகைக் கார் வந்து நின்றபோது, செய்தித்தாளில் சுற்றிய ஒரு படம் என் கையில் இருந்தது. தெங்கேராவில் ஒரு கடையில் முப்பத்தெட்டு வெள்ளி பணம் கொடுத்துச் சட்டம் போட்டு வாங்கியது. போக வேண்டிய ரெம்பியா இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, கட்டணம் இருபத்தாறு வெள்ளி. ஓட்டுநர் நம்மவர்தான். நான் படத்தை மடியில் வைத்துக்கொண்டதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, யார் கல்யாணப் படம் என்று கேட்டார். மாட்டுப் படம் என்றேன்.

"மாட்டுக்கே ஃபிரேமா? என் கல்யாணப் படமே இன்னும் கவர்லதான் லா கெடக்கு, அக்கா," என்றார்.

சிரித்துக்கொண்டே கதையைச் சொன்னேன். பதினேழு நாளைக்கு முன் எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசம். மாடு கிடைப்பது கஷ்டம், வெள்ளியில் செய்த சின்னப் பசு பொம்மை ஒன்று இருந்தால் போதும் என்று ஐயர் சொல்லிப் பார்த்தார். நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். முப்பது வருடம் வாடகை வீட்டில் குப்பை கொட்டியவளுக்குச் சொந்த வீடு என்றால் கொஞ்சம் தலை கிறுகிறுக்கத்தான் செய்யும். விசாரித்துப் பிடித்தவர் ரெம்பியா மாரியப்பன் அண்ணன். தோட்டத்தில் வேலை இல்லாமல் போனபின் ஒரு தொழிற்சாலையில் காவலுக்குப் போகிறவர். இருப்பது ஒரு பசு, ஒரு கன்று. பசுவின் பெயர் செவப்பி. வாடகை லாரியில் இரண்டையும் ஏற்றி, விடிவதற்குள் வந்துவிட்டார். செவப்பி வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்து, புது டைல்ஸ் மேல் மூத்திரம் பெய்தது. எல்லாரும் கைதட்டினோம். வாசற்படியில் அதன் கால் பதிந்த நேரத்தில் எடுத்த படத்தைத்தான் இரண்டு பிரதி போட்டேன். ஒன்று எங்கள் கூடத்துக்கு, ஒன்று அவருக்கு.

9.35. சுங்கை ஊடாங் தாண்டியதும் இரு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம். மழை பிடித்துக்கொண்டது. முந்தின நாள் நான் வருவதைச் சொல்லப் போன் செய்தபோது, மாரியப்பன் அண்ணனின் மனைவி பாக்கியம் அக்கா "வாங்கம்மா" என்ற ஒரு சொல்லோடு வைத்துவிட்டது அப்போதுதான் உறுத்தியது.

9.55. வீடு சாலையிலிருந்து மண்பாதையில் இருநூறு அடி உள்ளே. கொட்டகை வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. செவப்பி படுத்திருந்தது. கழுத்திலிருந்து வால்வரை ஐம்பது காசு அகலத்துக்குக் கட்டி கட்டியாக எழும்பி, சிலது உடைந்திருந்தது. முன்னங்கால் இரண்டும் வீங்கிப்போய், கண்ணில் நீர் வழிந்தது. உடம்பு முழுக்க மஞ்சள் பூசியிருந்தார்கள். ஈயை விரட்ட வாலைத் தூக்கப் பார்த்தது, முடியவில்லை. படத்தைச் செய்தித்தாளோடு அப்படியே சுவரில் சாய்த்து வைத்தேன்.

ஆறு நாளாகிறதாம். முதல் இரண்டு நாள் அம்மை என்று நினைத்து மஞ்சளும் வேப்பிலையும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் மாட்டு டாக்டர் வந்து காய்ச்சலுக்கு ஊசி போட்டார். இது தோல் கழலை நோய், ஒருவகை வைரஸ், கடிக்கிற ஈயும் கொசுவும் உண்ணியும் ஒரு மாட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும், மனிதருக்கு ஒட்டாது என்றாராம். தடுப்பூசி முன்பே போட்டிருக்க வேண்டுமாம். பால் அடியோடு நின்றுவிட்டது. பெரிய மாடு தப்பினாலும் தப்பும், கன்றைத்தான் சொல்ல முடியாது என்றும் சொல்லியிருக்கிறார்.

கன்றை வீட்டுக்குள்ளேயே, பின்கட்டில் கட்டியிருந்தார்கள். அதற்கு மேலே கொசுவலை. பாக்கியம் அக்கா கட்டிலில் இருந்து கழற்றிக் கட்டியது. வலைக்குள்ளிருந்து அது தாயைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. புட்டிப்பாலைத் தொடவில்லை. உடம்பில் இதுவரை ஒன்றுமில்லை என்று அக்கா கையால் தடவித் தடவிக் காட்டினார்.

10.30. அப்போதுதான் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டுப் பின்வேலிக்கு அப்பால் காலி நிலத்தில் யாரோ மாடு கட்டுவார்கள். விசேஷத்தன்று அதில் ஒன்று தனியாக நின்றது, மேலெல்லாம் தடிப்பு. குளவி கொட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டேன். பூஜை ஏழு மணிக்கே முடிந்தது. அண்ணன் அப்போதே கிளம்பத்தான் பார்த்தார். மாடு கொண்டுவந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பினால் வீட்டுக்கு ஆகாது, சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடித்து வைத்தவள் நான். இலை போடப் பதினொன்று ஆனது. அந்த நான்கு மணி நேரமும் செவப்பியும் கன்றும் அந்த வேலியில்தான் கட்டிக் கிடந்தன.

சொல்லாமல் போனால் இந்தப் பாவம் என்னோடு வீட்டுக்கு வரும் என்று பட்டது. சொன்னேன். தலை நிமிராமலே சொல்லி முடித்தேன்.

அண்ணன் செவப்பியின் கழுத்தில் உட்கார்ந்த ஈயைத் துண்டால் ஓட்டினார். "தெரியும்மா. நானும் பார்த்தேன்," என்றார். "சாப்பிட உட்கார்ந்த எடத்துலேர்ந்து வேலி நேரா தெரிஞ்சிச்சு. அந்த மாட்டப் பார்த்ததும் பகீர்னு ஆச்சு. ஆனா நீங்க பக்கத்துல நின்னு பாயசம் ஊத்திக்கிட்டு இருந்தீங்க. புது வீடு. பாதி எலையில எப்படிம்மா எந்திரிக்கிறது?"

அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

12.15. கிளம்புகிறேன் என்றபோது பாக்கியம் அக்கா விடவில்லை. "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்," என்று தட்டை வைத்துவிட்டார். ரசம், நெத்திலிக் கருவாடு. பின்கட்டில் கன்று கத்திக்கொண்டிருந்தது. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. எழவில்லை, கடைசிப் பருக்கைவரை தின்றேன்.

1.40. தங்கா பத்து. பின்வேலிக்கு அப்பால் மாடுகள் இல்லை, முளைக்குச்சிகள் மட்டும் இருந்தன. கூடத்தில் என் பிரதி மாட்டியிருந்தது. ரெம்பியாவில் அவர்கள் படுக்கைக்குக் கொசுவலை இல்லை. எங்கள் வீட்டிலோ ஜன்னலுக்கு ஜன்னல் வலை அடித்திருக்கிறோம், ஒரு கொசு உள்ளே வராது. வெட்கமாக இருந்தது.

ஞாயிறு, மாலை 6.20. பாக்கியம் அக்கா கூப்பிட்டார். கன்றின் கழுத்தில் இரண்டு தடிப்பு எழும்பியிருக்கிறதாம். உடனே வருகிறேன் என்றேன்.

"வேணாம்மா," என்றார். "வந்தா உங்க அண்ணன் சாப்பிடச் சொல்லுவாரு. இன்னிக்கு நான் அடுப்பே பத்த வைக்கல."