மேல் வீட்டு டேப் சத்தம்

பெரியவளே, சின்னவனே, அந்த ஷூ டப்பா எங்கே போனது என்று ரெண்டு பேரும் என்னைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டீர்கள். கிளிப்பும் ஸ்டிக்கரும் போட்டு வைத்திருந்த டப்பா. பிறகு சொல்கிறேன் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். எழுதிக் கொடுத்தால் இன்னும் கொஞ்சம் பெரியவர்களானதும் திரும்பப் படிப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன். டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் மேல் வீட்டுப் பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்மேல் எனக்கு இருந்த பொறாமையையும் சொல்ல வேண்டும்.

நான் பத்தாவதோடு நின்றவன். மயிலாப்பூர் மாட வீதியில் பரதநாட்டிய நகை விற்கிற கடையில் பல வருஷம் நின்றே வேலை பார்த்தவன். கெம்புக் கல் நெற்றிச்சுட்டி, ராக்கொடி, ஒட்டியாணம், சலங்கை எல்லாம் எனக்கு அங்கே பழகியதுதான். ஊரடங்கில் கடை மூடிக் கிடந்தபோது போனில் படம் எடுத்துப் போட்டு நானே விற்கத் தொடங்கினேன். நன்றாகவே போனது. பெங்களூரிலும் இங்கே பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கத்திலும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற வீடுகளில் நடனம் கற்கிற பெண் குழந்தைகள் நிறைய. நம் முன்னறை முழுக்க அட்டைப்பெட்டியாக இருந்ததே, அந்தக் காலம். நீங்கள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அப்பா கதவைத் திறந்தது அந்த வியாபாரத்தால்தான். கடையில் நின்ற காலத்தில் நான் வரும்போது நீங்கள் தூங்கியிருப்பீர்கள்.

பிறகு மந்தம் வந்தது. டி.வி.யில் அதற்குப் பெரிய பெரிய பெயர் சொன்னார்கள். எனக்கு அது மெசேஜாகத்தான் வந்தது. அரங்கேற்றத்தைத் தள்ளிப் போட்டிருக்கிறோம் என்று ஒருத்தர். வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டது, வேறு கிடைத்ததும் சொல்கிறேன் என்று இன்னொருத்தர். கொஞ்ச நாளில், செட்டை வாடகைக்குக் கொடுப்பீர்களா என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதற்கு மட்டும் நான் பதிலே போடமாட்டேன். ஒருத்தர் வியர்த்துப் போட்ட நகையை இன்னொருத்தர் குழந்தைக்கு மாட்டுவதா என்று ஒரு வீம்பு. மாட வீதியில் வாடகைக்கு விடுகிற கடைக்காரர்களை எங்கள் கடைக்காரர்கள் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்கும் ஒட்டியிருந்தது.

பாய் நமக்கு மேல் வீடு. நான் தொடங்கின சமயத்திலேயே அவரும் தொடங்கினார். வண்ணாரப்பேட்டையில் தைத்து வாங்கிப் பெண் குழந்தைகளுக்கான ஃப்ராக் விற்கிறார். நல்ல மனுஷர். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பழுப்பு டேப்பை இழுத்தால் சர்ரென்று ஒரு சத்தம் வருமே, அது நம் வீட்டில் நின்றுபோன பிறகுதான் மேலே இருந்து எனக்குக் கேட்க ஆரம்பித்தது. காலையில் பல் தேய்க்கும்போதே சர். மத்தியானம் கண்ணயரும்போது சர், சர். குட்டைச் சத்தம் என்றால் ஒற்றை ஃப்ராக், நீளமாக இழுத்தால் பெரிய பார்சல் என்று பிரித்துச் சொல்கிற அளவுக்கு என் காது தேறிவிட்டது. சின்னவனே, நீ சோறு தின்றபடியே வாயால் அதே மாதிரி இழுத்துக் காட்டுவாய். 'மேல ஒண்ணு போச்சுப்பா' என்பாய். எனக்குச் சோறு இறங்காது.

ஒரே படிக்கட்டு, ஒரே தண்ணீர்த் தொட்டி. இந்த மந்தம் நம் மாடி வரைக்கும் ஏறி வந்துவிட்டு, இன்னும் கொஞ்சம் படி ஏறக் கால் வலித்து உட்கார்ந்துவிட்டதா என்று நினைப்பேன். எல்லோருக்கும் படுத்துவிட்டது என்றால் மனசு ஒரு மாதிரி ஆறிவிடும். தலைக்கு மேலேயே ஒருத்தருக்கு மட்டும் ஓடுகிறது என்றால், கோளாறு ஊரில் இல்லை, உன்னிடம்தான் என்று ஆகிவிடுகிறது. அவர் தன் பெண்ணை ஃப்ராக் போட்டுச் சுற்றச் சொல்லி வீடியோ எடுத்துப் போடுவார். பெரியவளே, உனக்கு ஒட்டியாணம் கட்டி மொட்டை மாடியில் ஆடச் சொன்னேன் அல்லவா? நீ நடனம் கற்றவளே இல்லை. பாவம், கைப்பந்து விளையாடுகிற மாதிரி ஆடினாய். அதைப் பார்த்து ஒரு ஆர்டரும் வரவில்லை.

ரம்ஜானுக்கு அவர் வீட்டிலிருந்து பாயசம் வந்தது. நான் கரண்டியால் சேமியாவை ஒதுக்கி முந்திரியைப் பார்த்தேன். போன வருஷத்தைவிட அதிகமாகத்தான் தெரிந்தது. உங்கள் அம்மா பார்த்துவிட்டாள். "முந்திரில என்னங்க தேடறீங்க? சாப்பிடுங்க" என்றாள்.

பார்சல் எடுக்க வருகிறவர் தினம் சாயங்காலம் நம் வாசலைத் தாண்டித்தான் மேலே போவார். படியேறும் சத்தம் கேட்டதும் எனக்கு உள்ளே போய்விடத் தோன்றும். அவர் இறங்கும்போது மட்டும் என்னை மீறிக் கதவைத் திறந்து பார்ப்பேன். தோளில் பை பிதுங்கிக்கொண்டிருக்கும். "இன்னா சார், இன்னிக்கும் லீவா?" என்று சிரித்துவிட்டுப் போவார்.

கடைசியில் பழைய முதலாளிக்குப் போன் செய்தேன். மாதம் பிறந்ததும் வந்து நில் என்றார். உங்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே மேல் வீட்டுக்கும் தெரிந்திருக்கும். உங்கள் அம்மாவுக்கு மட்டும் சொன்னேன். அவள் முன்னறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். "அப்போ இந்தப் பொட்டியெல்லாம் எதுக்கு இடத்த அடைச்சுக்கிட்டு? பாய்க்குக் குடுத்துடுங்க. அவராவது ஓட்டறாரு" என்றாள். அந்த 'அவராவது' எனக்கு எங்கே போய்க் குத்தியது என்று அவளுக்குத் தெரியாது.

மறுநாள் மடித்த அட்டைப்பெட்டிகளைக் கட்டித் தூக்கிக்கொண்டு மேலே போனேன். கொடுப்பது ஒரு காரணம். அந்த அறையைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதும்தான்.

கதவு திறந்திருந்தது. கூடம் முழுக்கப் பார்சல். என் வயிறு எரிந்தது. பாய் தரையில் உட்கார்ந்து ஒரு கவரைக் கத்தியால் கிழித்துக்கொண்டிருந்தார். கட்டுகிறவர் எதற்குக் கிழிக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. உள்ளேயிருந்து ஃப்ராக்கை எடுத்து உதறி மனைவியிடம் போட்டார். அந்த அம்மா இஸ்திரி போட்டு மடித்துக் கொடுக்க, புதுக் கவரில் வைத்து டேப்பை இழுத்தார். சர். நான் மாதக்கணக்கில் கேட்ட அதே சத்தம். கிழித்துப் போட்ட கவர்களில் எல்லாம் சிவப்பாக ரிட்டன் என்று ஒட்டியிருந்தது.

"எல்லாம் திரும்பி வந்ததா பாய்?"

"பின்ன? ஆர்டர் போடற நேரத்துல ஆசை கீது, வூட்டாண்ட வந்து நின்னா கையில காசு இல்ல. வாணாம்னு கதவச் சாத்திடறாங்க. போறதுக்கும் நான்தான் தர்றேன், வர்றதுக்கும் நான்தான் தர்றேன்." கையிலிருந்த ரோஸ் நிற ஃப்ராக்கைத் தூக்கிக் காட்டினார். "இது மதுரைக்குப் போய்ட்டு வந்துச்சு, ஓசூருக்குப் போய்ட்டு வந்துச்சு. நான் கூட அவ்ளோ ஊரு பாத்ததில்லண்ணே."

பார்சல் எடுக்கிறவர் இறங்கும்போதுதான் நான் பையைப் பார்த்திருக்கிறேன். ஏறும்போது அது எப்படி இருந்தது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மந்தம் படியேறித்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குளிர்ச்சி கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை. வேண்டாம் என்று திருப்பி அனுப்பவாவது அவருக்கு ஆள் இருக்கிறார்களே, எனக்கு வேண்டாம் என்று சொல்லக்கூட ஒருத்தர் இல்லையே என்று அடுத்த எரிச்சல் வந்துவிட்டது.

அப்போதுதான் பாய் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்.

"தப்பா நெனச்சுக்காதண்ணே. உன்னப் பாத்தாதான் எனக்கு வவுறு எரியுது."

"என்னையா?"

"கீழ ஒரு சத்தம் கெடயாது. நீ வேற எடம் புட்ச்சு, ஆளு வெச்சுக் கட்டறேன்னு எனக்குத் தெரியாதா? நீ பாட்டுக்குக் கால் மேல கால் போட்டுகினு பால்கனில உக்காந்துகினு கீற. டான்ஸ் செட்டுக்கு முன்னாடியே பணம் போட்டுடறாங்க, ரிட்டனே இல்ல. ராசா வியாபாரம்."

அந்த அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அவர் தினமும் இதைச் சொல்லித்தான் புலம்புகிறார் என்றார்.

என் வீட்டின் அமைதியைக் கேட்டு ஒரு மனுஷர் புழுங்கியிருக்கிறார். இல்லை பாய், நான் கடையை மூடப் போகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"ஏதோ ஓடுது பாய். பொட்டி கொஞ்சம் கூடுதலா வந்துடுச்சு, வச்சுக்குங்க."

பாய் பெட்டிக் கட்டைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். நான் முந்திரியைப் பார்த்த பார்வை.

படி இறங்கும்போது மிதப்பாக இருந்தது. நம் வாசலுக்கு வந்ததும்தான் மாட்டிக்கொண்டது உறைத்தது. பாய் பஸ்ஸுக்குப் போவது மாட வீதி வழியாக. மாதம் பிறந்தால் நான் அந்தக் கடை வாசலில் நின்று, வாங்கம்மா, உள்ளே வந்து பாருங்கம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பேன். அவர் பார்ப்பார். பார்த்தால் அவர் வயிறு குளிர்ந்துவிடும். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

முதலாளிக்குப் போன் செய்து, மார்கழிக் கச்சேரி சீசன் முடியட்டும் என்றேன். பெரிய ஆளாகிவிட்டாய் போல என்று சொல்லிவிட்டு வைத்தார்.

பிறகு போனைத் துழாவி, திருவான்மியூரிலிருந்து வாடகைக்குக் கேட்டிருந்த ஒரு அம்மாவின் மெசேஜைத் தேடி எடுத்தேன். பாய் வீட்டுக் கூடம்தான் கண்ணில் நின்றது. அவருக்குத் திரும்பி வந்தால் நஷ்டம். வாடகைக்கு விட்டால் திரும்பி வருவதுதான் வியாபாரம். இதுவும் அந்த மனுஷர் மூளையில் உதித்து, அவர் வாடகை ஃப்ராக் என்று ஆரம்பிப்பதற்குள் நான் முந்திக்கொள்ள வேண்டும் என்று ஒரே பதற்றம். வீம்பு போன இடம் தெரியவில்லை. தருகிறேன் அம்மா, நானே வண்டியில் கொண்டுவந்து கொடுக்கிறேன் என்று எழுதினேன். நன்றி அண்ணா என்று உடனே பதில் வந்தது. இன்றைக்கு நம் வீட்டிலிருந்து அடையாறுக்கும் தி. நகருக்கும் நகை போவதும் வருவதுமாக இருக்கிறதே, அது அப்படித் தொடங்கியதுதான். உங்களுக்குக் கதவு திறக்க நான் வீட்டில் இருப்பதும் அதனால்தான். பெரிதாக ஒன்றும் ஓடவில்லை. ஓடுகிறது.

அந்த முதல் செட்டை வைக்க வீட்டில் ஒரு பெட்டி இல்லை. எல்லாவற்றையும்தான் ஜம்பமாக மேலே கொடுத்துவிட்டு வந்திருந்தேனே. பெரியவளே, உன் ஷூ டப்பாவைக் கொட்டி எடுத்தேன். கிளிப்பெல்லாம் உன் மேஜை டிராயரில் பத்திரமாக இருக்கிறது. திருவான்மியூரிலிருந்து செட் ஒழுங்காகத் திரும்பி வந்தது. டப்பா மட்டும் வரவில்லை.

அதைக் கட்டிய அன்று நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். உங்கள் அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நெற்றிச்சுட்டியைப் பஞ்சில் சுற்றி, ஒட்டியாணத்தை அடியில் வைத்து, மூடியைப் போட்டேன். ரொம்ப நாள் கழித்து டேப்பைக் கையில் எடுத்தேன். இழுக்கப் போன கை நின்றுவிட்டது. பாய் மேலேதான் இருந்தார். சுருளை மடியில் வைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தேன். பாதியில் லேசாக ஒரு தடவை கிர்ரென்றது. அப்படியே நிறுத்தி மேலே பார்த்தேன். மேலே ஒன்று சர்ரென்று போயிற்று. மறுபடி உரிக்க ஆரம்பித்தேன்.