கரித்தூள் எடுக்கும் நாக்கு

என் நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னால் என்னால் ஆகாது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் அவளுக்குப் பெரிய பேர். என்ஜினில் கரி அள்ளிப் போடுகிறவர்கள் கண்ணில் தூள் விழுந்தால் அவளிடம்தான் ஓடுவார்கள். இமையைப் புரட்டி, நாக்கு நுனியால் எடுத்துவிடுவாள். என் கணவருக்கும் கரி அள்ளுகிற வேலைதான். கண் பரிசோதனையில் தேறினால் டிரைவர் ஆகலாம். எங்கள் வீட்டில் அது ஒன்றுதான் பேச்சு.

ஒருமுறை உதடெல்லாம் காய்ச்சல் கொப்புளத்தோடு அவள் தன் தம்பியான என் கணவரின் கண்ணில் நாக்கை விட்டாள். சில நாளில் அந்தக் கண் மட்டும் சிவந்தது. வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் துடித்தார். ரயில்வே டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். நடந்ததை நான் சொன்னதும் கண்ணில் சாயம் சொட்டிப் பார்த்தார். கருவிழியில் பச்சைக் கோடு ஒன்று கிளை கிளையாகத் தெரிந்தது. கண்ணை மரக்கச் செய்து, அந்தக் கோட்டின் மேல் அயோடினைத் தொட்டு வைத்துக் கட்டுப் போட்டார்.

"அவ உதட்டில இருந்த கொப்புளம்தான் இது. காய்ச்சல் வந்தா திரும்பவும் வரும். கண் சிவந்த உடனே இங்க வரோணும். இனி நாக்குப் படக்கூடாது" என்றார்.

கண் ஆறியது. நாத்தனாரிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "கரித்தூளுக்கு டாக்டர் எதுக்கு? என் நாக்குல என்ன விஷமா இருக்கு?" என்று சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்து அவருக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தபோது கண் மறுபடி சிவந்தது. டாக்டரிடம் போனால் என்ஜினிலிருந்து இறக்கிவிடுவார் என்று பயந்து, எனக்குத் தெரியாமல் அக்காவிடமே போயிருக்கிறார் இந்த மனுஷன். அவளும் இல்லாத தூளைத் தேடித் தேடி நக்கியிருக்கிறாள். நான் இழுத்துக்கொண்டு போனபோது கருவிழி நடுவில் வெள்ளை விழுந்திருந்தது. டாக்டர் என்னைத் திட்டினார். அவர் திட்டியதும் சரியில்லை.

டிரைவர் ஆகும் பேச்சு அதோடு போயிற்று. சாம்பல் கூட்ட அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலம் நாத்தனார் வந்தாள். நான் தாழ்ப்பாள் போட்டேன். "என் தம்பிக்கு யாரு கண்ணு பட்டுச்சோ" என்று ஊர் கேட்க அழுதாள்.

"அக்கா நிக்குது, கதவத் தொற புள்ள" என்றார் இவர்.

"நீங்களே தொறந்துக்குங்க."

எழுந்து போனார். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் தெரியவில்லை; கை தாழ்ப்பாளுக்கு எட்டாமல் இந்தப் பக்கமே காற்றைப் பிடித்தது. மறுபடி நீட்டினார். அப்போதும் எட்டவில்லை. கடைசியில் பலகையைத் தடவித் தடவித்தான் கண்டுபிடித்தார். நான் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.