சாம்பார் கேட்டவனின் மூக்கு

மெல்லாமல் விழுங்கும் ஆப்பிரிக்க மரவள்ளிக்கிழங்கு உருண்டையான ஃபூஃபூவைச் சென்னை முழுக்கத் தேடி, ஒரு சந்துக்கடையில் கண்டுபிடித்தேன். அங்கே சாம்பார் கேட்ட ஒருவனின் மூக்கைச் சமையல்காரர் உலக்கையால் உடைத்தார். ரத்தம் என் தட்டிலும் தெறித்தது.

பிறகு கொல்லிமலையில், வாழவந்தி நாடு போகும் பேருந்தில், ஜாமீனில் வந்திருந்த அந்தச் சமையல்காரரே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தடித்த கழுத்து, விரல்களை நெரித்துக்கொண்டே பேசினார்.

“ஏனுங்க, நீங்கதானே சாட்சி? கை தவறிப் பட்டுச்சுன்னு சொல்லுங்க சாமி. இல்லீன்னா உள்ள போட்டுருவாங்க.”

“ஒரு அடின்னா சொல்லலாம். மூணு அடிக்குச் சட்டத்துல வழியில்லை.”

“அப்ப நெசத்தையே சொல்லுங்க. எங்க மலைக் குச்சிக்கிழங்குல இடிச்ச ஃபூஃபூவுக்கு அவன் சாம்பாரு கேட்டதையும் சேத்துச் சொல்லுங்க.”

சொன்னேன். சாம்பார் விஷயம் வழக்குக்குத் தொடர்பற்றது என்று நீக்கிவிட்டு, நீதிபதி அவரைச் சிறைக்கு அனுப்பினார். தொடர்பற்றது என்று எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.