வாசலில் பாசி தைத்த லவீனா

என் அண்ணி லவீனா பாசிமணி தைத்த கடிவாளத்தால்தான் அவள் மருமகன் கிளேபர்ன் அவள் மகள் டார்லீனை அடித்தான். நெற்றிப் பட்டையில் வெளிர்நீலமும் ரோஜா நிறமுமாகப் பாசி பரப்பி, ஓரத்தில் வெள்ளை வரிசை ஓட்டி, கல்யாணத்துக்கு அவள் கொடுத்தது. அதைக் குதிரைத் தலையிலிருந்து உருவி, இரும்பு தொங்கும் பக்கமாக வீசியிருக்கிறான். டார்லீனின் தாடை உடைந்தது. கன்னத்தில் பாசி வரிசை அப்படியே பதிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் அண்ணி வேறெதையும் பார்க்காமல் அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் தையல் அவளுக்குத் தெரியாதா?

அவனுடைய கயிற்றை டார்லீன் பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுத்துவிட்டாளாம். அதுதான் அவள் செய்த குற்றம்.

நான் துப்பாக்கியை எடுத்தேன். அண்ணி குழலைப் பிடித்துக் கீழே தாழ்த்தினாள்.

"வெச்சிடு கொழுந்தனாரே. நீ அவனுக்குக் கேலி முறை. கைய வெச்சா ஊரே காறித் துப்பும். ஒனக்குத்தான் வாய் இருக்கே, அதால அடி."

எங்கள் க்ரோ பழங்குடியில் குலம் தாய்வழி. அவன் அப்பாவும் என் அப்பாவும் ஒரே குலம். அப்படிப்பட்டவர்களின் பிள்ளைகள் நாலு பேர் நடுவில் ஒருவரையொருவர் எவ்வளவு வேண்டுமானாலும் நாறடிக்கலாம். கேட்பவன் சிரிக்க வேண்டும், கோபம் கூடாது. கை ஓங்குவது மட்டும் கூடவே கூடாது. டார்லீனின் அப்பா, என் அண்ணன், உயிரோடு இருந்திருந்தால் கதை வேறு. அவன் செத்து வருஷங்கள் ஆகிவிட்டன. போலீஸோ கிளேபர்னை ஒரு ராத்திரி வைத்திருந்து, காலையில் முட்டையும் காபியும் கொடுத்து அனுப்பிவிட்டது.

தாடையில் கம்பி கட்டிக்கொண்டு டார்லீன் அதே வீட்டுக்குத் திரும்பினாள். "குடிச்சாதான் சித்தப்பா அவன் அப்படி. மத்தபடி நல்லவன்தான்" என்று வாயைத் திறக்க முடியாமல் பல்லிடுக்கில் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த அடியில் அவள் பிழைக்க மாட்டாள் என்று எங்கள் ஊர் லாட்ஜ் கிராஸில் எல்லோருக்கும் தெரியும், அவளைத் தவிர.

அண்ணி அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. பாசி டப்பாக்கள், குத்தூசி, புகை போட்ட மான் தோல், சிவப்புக் கம்பளித் துணி, எல்லாவற்றையும் என் டிரக்கில் ஏற்றச் சொன்னாள். மகள் வீட்டு வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

க்ரோ மக்களில் மருமகன் மாமியாரின் முகத்தைப் பார்க்க மாட்டான். அவளோடு பேச மாட்டான், அவள் இருக்கும் இடத்தில் நிற்கவும் மாட்டான். அவளும் அப்படியே. இதில் பகை ஒன்றும் இல்லை, மரியாதைதான். கிளேபர்ன் எந்த அயோக்கியத்தனத்துக்கும் துணிந்தவன், ஆனால் இதை மட்டும் மீற மாட்டான். அன்று மாலை வந்தவன் வாசலில் மாமியாரைக் கண்டதும் தொப்பியை மூக்குவரை இழுத்துக்கொண்டு திரும்பி நடந்தான். டிரக்கிலேயே படுத்தான். மறுநாளும் அதே கதைதான்.

அண்ணி தைத்துக்கொண்டே இருந்தாள். ஆகஸ்ட் திருவிழா ஊர்வலத்துக்கு டார்லீனின் குதிரைக்கு மார்புப் பட்டை. ஒரு நூலில் பாசியைக் கோத்துத் தோல்மேல் கிடத்துவாள். இன்னொரு நூலால் நாலைந்து பாசிக்கு ஒரு தரம் குறுக்கே பிடித்துத் தைப்பாள். தடித்த வாரில் ஊசி இறங்காது, முதலில் குத்தூசியால் துளை போட வேண்டும். அவள் குத்துகிற வேகத்தைப் பார்த்தால் யாரை நினைத்துக்கொண்டு குத்துகிறாள் என்று கேட்கவே தேவையில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. பெட்ரோல் பங்கில், கடையில், எங்கே கண்டாலும் கிளேபர்னைப் பிடித்துக்கொள்வேன்.

"என்ன மச்சான், டிரக்கோடதான் குடும்பமாமே? அது ஒனக்குக் காபி போட்டுத் தருதா?"

எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரித்தாக வேண்டும். கழுத்து நரம்பு மட்டும் புடைக்கும்.

ஒரு நாள் அண்ணி குதிரைக்குத் தண்ணீர் காட்ட ஆற்றுக்குப் போனாள். அதற்காகவே காத்திருந்தவன் உள்ளே புகுந்தான். டார்லீனின் தலைமயிரைப் பிடித்து அடுப்பு விளிம்பில் மோதினான். கத்தியை எடுத்து மார்புப் பட்டையை நீளவாக்கில் கிழித்தான். வயிற்றில் உதைக்கக் காலைத் தூக்கிய நேரத்தில் அண்ணி வாசலில் வந்து நின்றாள். பேசக் கூடாது, பேசவில்லை. நின்றாள், அவ்வளவுதான். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் வழியாகக் குதித்து ஓடினான். கண்ணாடி கிழித்து முழங்கைவரை ரத்தம். அண்ணி மகளின் நெற்றிக்குத் துணி கட்டினாள். குறுக்குத் தையல் நெருக்கமாக இருந்ததால் கத்தி பட்ட இடத்துப் பாசிதான் உதிர்ந்திருந்தது. அதைப் பொறுக்கி, கிழிசலுக்கு அடியில் வேறு தோல் வைத்துத் தைத்தாள்.

"ஜன்னல் வழியா போறது பூனைதான மச்சான்? நீ எப்ப மாறின?" என்று மறுநாள் கேட்டேன். அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை. நேராக டவுன் பாருக்குப் போய், யாரோ ஒரு பண்ணைக்காரன் மண்டையில் பாட்டிலை உடைத்து, நாலு பேரிடம் உதை வாங்கி, ஒரு காது கிழிந்து வந்தான். அந்தக் காதைத் தைக்கும்போதுதான் அவனுக்கு யோசனை வந்திருக்க வேண்டும்.

மாமியாருக்கு ஒரு குதிரை கொடுத்தால் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். அப்புறம் பார்க்கலாம், பேசலாம், ஒரே கூரையின் கீழ் இருக்கலாம். வாசலில் அவள் உட்கார்ந்தாலும் தாண்டிப் போகலாம்.

ஊர்வலத்தன்று டார்லீன் முழு அலங்காரத்தில் குதிரைமேல் இருந்தாள். மார்புப் பட்டையில் வெயில் பட்டு ஒவ்வொரு பாசியும் தெரிந்தது. ஊர்வலம் நின்ற இடத்தில் கிளேபர்ன் ஒரு செம்பழுப்புக் குதிரையைக் கயிற்றில் பிடித்து, தலையைக் குனிந்துகொண்டு வந்தான். அவன் பெரியப்பா மைக்கில் அறிவித்தார்: மருமகன் மாமியாருக்குக் குதிரை கொடுக்கிறான். ஊரே பார்த்தது. வேண்டாம் என்றால் அவன் குலத்துக்கே அவமானம். வாங்கினால் என் அண்ணன் மகள் செத்தாள்.

"வாங்கிக்கம்மா" என்றாள் டார்லீன், குதிரைமேலிருந்தே. "அவன் மாறிட்டான். இவ்ளோ பேர் முன்னாடி வந்து நிக்கிறான் பாரு."

அண்ணி கயிற்றை வாங்கினாள். பெண்கள் குலவையிட்டார்கள்.

கிளேபர்ன் தொப்பியைத் தூக்கி முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தான். பல்லெல்லாம் தெரிந்தது.

"அத்தே, இனிமே நான் வீட்டுக்கு வரலாம்ல?"

"வரலாம் மாப்ள" என்றாள் அண்ணி. "இனிமே நானும் ஒன்னப் பாக்கலாம். பேசலாம். தொடவும் செய்யலாம்."

கயிற்றைக் குதிரையிலிருந்து கழற்றி, நுனியில் பித்தளைக் கொக்கி இருக்கும் பக்கத்தை வீசினாள். முதல் வீச்சில் அவன் மூக்கு உடைந்தது. இத்தனை நாள் அந்த வழக்கம் மகளைக் காப்பாற்றுவதாகத்தான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அவனையும் அல்லவா அண்ணியிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது! முட்டாள், ஒரு குதிரையைக் கொடுத்து அதை அவிழ்த்துவிட்டான்.

"இது தாடைக்கு! இது நெத்திக்கு!" கொக்கி விழுந்த இடமெல்லாம் சதை பிய்ந்தது. அவன் சுருண்டு விழுந்தான். குதிரை மிரண்டு அவன் கையை மிதித்துக்கொண்டு ஓடியது, விரல் நொறுங்கியது எனக்குக் கேட்டது. அவன் குலத்தார் ஒருவரும் நகரவில்லை. நானும் நகரவில்லை. சொல்லப்போனால் சந்தோஷமாக இருந்தது.

டார்லீன் குதிரையிலிருந்து குதித்து ஓடி வந்து அவன்மேல் கவிழ்ந்தாள். வீசிய கை நிற்கவில்லை. கொக்கி அவள் தோளில் இறங்கித் துணியோடு சதையையும் இழுத்துக்கொண்டு வந்தது.

அண்ணியின் கை அந்தரத்தில் நின்றது. அவள் அப்படிக் கத்தி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

டார்லீன் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. கீழே கிடந்தவன் நல்ல கையால் அவள் இடுப்பை வளைத்துத் தன்மேல் இழுத்துக்கொண்டிருந்தான்.

"எந்திரிக்காத! அப்படியே இருடி! ஒன்ன அடிக்க மாட்டா."

ரத்தம் அவள் முதுகில் வழிந்து அவன் சட்டையை நனைத்தது. அவள் ஒரு நொடி அசையாமல் கிடந்தாள். பிறகு முழங்கையை மடக்கி அவன் வாயில் இடித்தாள். இன்னொரு தரம் இடித்தாள். பிடி விட்டதும் எழுந்து அம்மாவிடம் வந்தாள்.

"நீ அடிச்சது ஒண்ணுமில்லம்மா. அவன் இழுத்துப் புடிச்சான் பாரு" என்றாள். அண்ணி கயிற்றைக் கீழே போட்டாள்.

கிளேபர்ன் வயோமிங் பக்கம் மாட்டுப் பண்ணைக்குப் போனவன் திரும்பவே இல்லை. டார்லீன் அம்மாவோடு இருக்கிறாள். இருவரும் சேர்ந்து பாசி தைக்கிறார்கள், ஊரில் பாதிக் குதிரைகளுக்கு அவர்கள் கை வேலைதான். கோணலாக ஒட்டிய தாடையை டார்லீன் யாரிடமும் மறைப்பதில்லை, போட்டோவுக்குக்கூட அந்தப் பக்கத்தைத்தான் காட்டுவாள். கொக்கி கிழித்த தோளை மட்டும் யாரும் பார்த்ததில்லை.

போன கோடையில் தகரம் உருகுகிற வெயிலில் கழுத்துவரை பித்தான் போட்டு உட்கார்ந்திருந்தாள். "வேகுதே பொண்ணே, மெல்லிசா ஏதாச்சும் போடேன்" என்றேன்.

"மெதுவா பேசுங்க சித்தப்பா" என்றாள். "அம்மா உள்ளதான் இருக்கா."