பத்தாவது ஆள்

என் தம்பிக்குச் சூதுவாது தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்தான். இந்த வாயை எதால் அடிப்பது?

அவன் பல்கலைக்கழகத்தில் புவியியல் வாத்தியார். தலை நரைத்தும் தற்காலிகம்தான். வருடா வருடம் கோடையில் வீட்டுக்கு அனுப்புவார்கள், வகுப்பு தொடங்கும்போது கூப்பிடுவார்கள். கூப்பிடுகிற வரைக்கும் அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்காது. ஆனால் வகுப்பில் நின்றால் வேறு ஆள். பிள்ளைகளைப் பார்த்துப் பேசிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், பலகையில் ஒரு நதியை மலையிலிருந்து கடல் வரைக்கும் இழுத்துவிடுவான். பிள்ளைகள் அவனுக்கு வைத்த பட்டப்பெயரே நதிதான்.

அந்தப் பிள்ளைகள்தான் குறைந்துகொண்டே வந்தார்கள். எல்லோரும் கம்ப்யூட்டர் பக்கம் ஓட, புவியியல் துறையின் பெரிய அறையை நடுவில் தடுத்துப் பாதியைக் கம்ப்யூட்டர் துறைக்கே கொடுத்தார்கள். உருட்டி வைத்த வரைபடங்கள் கழிவறைக்குப் போகிற வழிக்கு வந்துவிட்டன. பிறகு, வாத்தியார்களே வீடு வீடாகப் போய் ஆள் பிடித்து வரவேண்டும் என்றது நிர்வாகம். தோளில் பை, கையில் துண்டுப்பிரசுரம், மண்டையைப் பிளக்கிற வெயில். ஒரு வீட்டில், தண்ணீர் ஃபில்டர் ஏற்கெனவே இருக்கிறது என்று முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்களாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தான். கூடச் சேர்ந்து நானும் சிரித்தேன், கிறுக்கி.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் என் மகள் பேச்சை எடுத்தான். அவளுக்கு நர்சிங்கில் இடம் கிடைத்திருந்தது. நான் மருந்துக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவள். அவள் ஆஸ்பத்திரி உடுப்போடு நடப்பதை நினைத்துக் கால்வலியை மறந்த நாட்கள் உண்டு. தம்பியோ, செயற்கைக்கோள் படத்தைப் படிக்கத் தெரிந்தவர்களை இப்போது தேடித் தேடி எடுக்கிறார்கள், புவியியலுக்கு நல்ல காலம் என்றான். எனக்குப் பாதிதான் புரிந்தது. மகளுக்கு மாமா சொன்னால் மறுபேச்சே கிடையாது. நடை பழகும் முன்னே அவன் தோளில் ஏறியவள். நர்சிங்கை விட்டுவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தாள்.

முதல் வருடப் பரீட்சை முடிந்ததும் துறைத்தலைவி பிள்ளைகளை உட்காரவைத்து, துறையை மூடுகிறோம், வணிகவியலுக்கு மாறுங்கள், இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள் என்றார். பத்துப் பேர் சேர்ந்து, பத்துப் பேரும் நிலைத்தால்தான் துறை என்பது சேர்க்கைக்கு முன்பே போட்ட நிபந்தனையாம். மூன்று பேர் நடுவிலேயே நின்றுவிட்டார்கள். இதெல்லாம் வாத்தியார்களுக்குத் தெரிந்த விஷயம்தானே என்று அந்தம்மா சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மகள் வீட்டுக்கு வந்து அழவில்லை. மாமாவுக்குத் தெரிந்திருக்காது என்று மட்டும் சொன்னாள்.

அவளை வைத்துக்கொண்டே அவனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ஏன்டா, மூடிடுவாங்கன்னு உனக்கு அப்பவே தெரியுமா?"

தெருவில் நின்று பேசினான் போல, வண்டிச் சத்தத்துக்கு நடுவில் அவன் குரல் வந்தது.

"தெரியும்க்கா. ஒன்பது பேர் சேந்துட்டாங்க. இன்னும் ஒருத்தர் வந்தா துறை எப்படியும் தப்பிச்சிடும்னு நம்பினேன்."

"அந்த ஒருத்தருக்கு எம்பொண்ணுதான் கிடைச்சாளா?"

மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகு எனக்குக் கடையில் தலைநிமிர்ந்து நிற்க முடியவில்லை. மகளோடு பள்ளியில் படித்து நர்சிங் சேர்ந்த பெண் உடுப்போடு வந்து மாத்திரை கேட்டாள். சரக்கு எடுக்கிற மாதிரி உள்ளே போய், அவள் போகும்வரை அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்றேன். சொந்த ரத்தமே இப்படிச் செய்தது என்று யாரிடம் சொல்வேன், வெட்கக்கேடு! அவனுக்கு மட்டும் வேலை போகவில்லை. ஆள் பிடிக்கிற திறமை இருக்கிறது என்று சேர்க்கை அலுவலகத்தில் போட்டுவிட்டார்கள்.

ரொம்ப நாள் தலைகாட்டாமல் இருந்தவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். மகள்தான் கதவைத் திறந்தாள். மாமா வந்தால் பையைப் பிடுங்கித் துழாவுகிறவள், அன்று ஒதுங்கி வழிவிட்டாள்.

"வாங்க சார். உக்காருங்க. அம்மாவக் கூப்பிடறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், கையைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றாள். நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் உட்காரவில்லை. நர்சிங்குக்கு மறுபடி முயற்சி செய்யலாம், அலைச்சல் எல்லாம் தன் பொறுப்பு என்று என்னென்னவோ தொடங்கினான், எதையும் முடிக்கவில்லை. காது மடல் வரைக்கும் சிவந்துவிட்டது. நீ சொல்லேன் என்பதுபோல என்னைப் பார்த்தான். நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன்? தலையைக் குனிந்துகொண்டேன்.

"மாமான்னு கூப்பிடும்மா," என்றான்.

"சரிங்க சார்," என்றாள்.