சிவப்புச் சாக்பீஸ்

எங்கள் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் படிப்பவர்களை விடுமுறையில் அரசு அலுவலகங்களுக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். எனக்குப் பூந்தமல்லிப் பக்கம் ஓர் அலுவலகம் கிடைத்தது. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டிய ஒரு தெருவில் வீடு வீடாகப் போய், குடிதண்ணீர் எப்படிக் கிடைக்கிறது என்று கேட்டு வர வேண்டும். ஆவடி குவார்ட்டர்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் இதைச் சொன்னேன். பாதிச் சோற்றில் நிமிர்ந்தார்.

"அந்தத் தெரு மேல சர்க்காருக்குத் திடீர்னு என்ன அக்கறை? ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையால்ல இருக்கு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. தொழிற்சாலை வேலை, குவார்ட்டர்ஸ் வீடு என்று ஆயுசு முழுக்கச் சர்க்கார் சோறு சாப்பிடுகிறவர் பேசுகிற பேச்சா இது? "உங்களுக்கு எதைப் பாத்தாலும் சந்தேகம்தான்" என்று தட்டோடு எழுந்துவிட்டேன்.

ஏரித் தண்ணீர் குழாயில் ஏறி நகரத்துக்குப் போகிறது; கரையோரத்துத் தெருவுக்கு லாரித் தண்ணீர்தான். கேட்டு முடித்த வீட்டில் ஒரு குறி போடச் சொல்லியிருந்தார் அலுவலக மேற்பார்வையாளர். போலியோ சொட்டு மருந்து கொடுப்பவர்கள் கதவில் எழுதுவார்களே, அது மாதிரி. சுண்ணாம்புச் சுவரில் வெள்ளை எடுபடவில்லை. பெட்டிக்கடையில் சிவப்புச் சாக்பீஸ் வாங்கிக்கொண்டேன். அந்த மகா புத்திசாலித்தனம் என் சொந்தச் சரக்கு.

நாலைந்து வீடு தாண்டுவதற்குள் தெருவே கூடிவிட்டது.

"சொட்டு மருந்துக்காரங்கோ வெள்ளைல எழுதுவாங்கோ. செவப்புன்னா ஊடு இடிக்கறவன். யாருக்கு காது குத்தற?" என்றார் ஓர் ஆட்டோக்காரர்.

"ஐயோ அண்ணே, நான் ஸ்டூடண்ட்! தண்ணிக்காகத்தான் வந்திருக்கேன்!"

யார் கேட்டார்கள்? என் கண்ணெதிரிலேயே ஈரத்துணியால் குறிகளைத் துடைத்தார்கள். அவமானத்தில் அழுகை முட்டியது. நல்லது செய்ய வந்தவளை இப்படியா நடத்துவார்கள் என்று மனசுக்குள் அத்தனை பேரையும் திட்டினேன்.

வாசலில் இட்லி விற்கும் அக்கா மட்டும் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். புருஷன் இல்லாதவர். ஒற்றை அறை வீடு.

"இந்த ஊடு போச்சுன்னா எனுக்குப் போக்கிடம் இல்ல. சத்தியமா தண்ணிக்குத்தானே வந்துகீற?"

"சத்தியமாக்கா."

அவர் சுவரில் நான் போட்ட குறியை அவர் அழிக்கவில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பி, லாரி ஒழுங்காக வருவதில்லை என்று சொல்லத் தொடங்கினேன். மேற்பார்வையாளர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"அது கெடக்கட்டும்மா. கரையை ஒட்டி எத்தனை வீடு? குறி போட்டுட்டல்ல? காலைல அளக்க வராங்க, சுளுவா இருக்கும்."

"எதுக்கு சார் அளக்கணும்?"

"படிக்கிற பொண்ணு, உனக்கெதுக்கு அதெல்லாம்?" என்று சிரித்தார். அப்பாவின் ஓநாய் நினைவுக்கு வந்தது.

ஷேர் ஆட்டோ பிடித்து நேராக அந்தத் தெருவுக்கு ஓடினேன். அக்கா வீட்டுச் சுவரைத் துப்பட்டாவால் தேய்த்தேன். சிவப்பு போகாமல் இன்னும் பரவியது. அக்கா வெளியே வந்தார்.

"இன்னாம்மா, நீ போட்டத நீயே அழிக்கற?"

"காலைல அளக்க வராங்களாம்க்கா. எதுக்குன்னு சொல்ல மாட்டேங்கிறாங்க."

அவர் திட்டவில்லை. உள்ளே போய், குடத்தில் பிடித்து வைத்திருந்த லாரித் தண்ணீரைக் கொண்டுவந்து சுவரில் ஊற்றினார். இரண்டு பேருமாகத் தேய்த்தோம்.

மறுநாள் வந்தவர்கள் குறியைத் தேடவே இல்லை. தெருமுனையிலிருந்து டேப்பை இழுத்து ஒரு வீடு விடாமல் அளந்துகொண்டே போனார்கள். எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் "மேலிடத்து உத்தரவு" என்பதுதான் பதில். நான் அக்கா வீட்டுக்கு ஓடினேன். அடுப்பில் இட்லிக் குண்டான் ஏறியிருக்கவில்லை. கதவை ஒருக்களித்துப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"அக்கா, எனக்கு நெஜமாவே ஒண்ணும் தெரியாதுக்கா."

பின்னாலேயே ஆட்டோக்காரர் வந்தார். "உன் ஊட்டாண்டதானே குந்திகினு பேசிகினு இருந்துச்சு. யாரு இது?" என்று அக்காவைக் கேட்டார்.

அக்கா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"யாருன்னு எனுக்கும் தெரிலபா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.