கரி பஸ்ஸில் டாலிக்கு மூச்சு முட்டியது

பெரியகுளத்தில் என் மைத்துனனுக்குக் கல்யாணம். மூன்றாவது முடிச்சுப் போட வேண்டிய நாத்தனார் என் மனைவி ராஜம். போன வெள்ளிக்கிழமை காலை, முகூர்த்த நேரம் நெருங்கும்போது அவள் எங்கே இருந்தாள் தெரியுமா? பழனிசெட்டிபட்டி ஆற்றில், முழங்கால் தண்ணீரில் — கையில் நாயோடு!

டாலி, 'பக்' என்கிற சீமை ஜாதி. பூனை அளவு உடம்பு, சப்பை மூக்கு, உருண்டைக் கண். போடிமெட்டு எஸ்டேட் துரை ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது எங்களிடம் விட்டுப் போனது. பிள்ளையில்லாத வீடு... ராஜம் அதைத் தரையில் விட்டால்தானே!

சின்னமனூரில் பஸ் ஏறினோம். யுத்த காலம், பெட்ரோல் ஏது? கரிவாயுவில் ஓடுகிற கரி பஸ்தான். கிடைத்தது பின் ஸீட். முதுகுக்குப் பின்னால் கரி அடுப்பு. எனக்கே வெந்தது. வீரபாண்டி தாண்டியதும் டாலி ரம்பம் அறுக்கிற மாதிரி மூச்சு இழுக்க ஆரம்பித்தது. நாக்கு நீலம் பாரித்துவிட்டது.

"வண்டிய நிறுத்துங்கண்ணே!" என்று ராஜம் அலறினாள்.

"நாய்க்காகவா?" என்றார் கண்டக்டர். "முகூர்த்தத்துக்குப் போறவுக எத்தன பேரு உக்காந்திருக்காக!"

"நானும் முகூர்த்தத்துக்குத்தேன் போறேன். நாத்தனாரே நாந்தேன். நிறுத்துங்க!"

பஸ் நின்றது. பட்டுப்புடவையோடு ஆற்றில் இறங்கிவிட்டாள். கழுத்துப் பட்டையைக் கழற்றினாள். வயிற்றையும் கால்களையும் நனைத்தாள். நான் குடை பிடித்தேன். கீரைக்கூடையோடு வந்த அம்மாள் ஒரு கை தண்ணீரை நாயின் வாயருகே கொண்டுபோனாள்.

"வாயில ஊத்தாதீக ஆத்தா, மூச்சுக்குழல்ல போயிரும்!" என்று ராஜம் தடுத்தாள்.

"அப்ப விசுறவா?" என்று அந்த அம்மாள் ஓலை விசிறியை எடுத்துக்கொண்டாள்.

கண்டக்டர் ஊதுவதற்கு விசிலை வாயில் வைத்தார். டிரைவர் கம்பியோடு இறங்கினார். "இருங்கப்பா, கரியக் கிண்டணும்."

வீரபாண்டியில்தான் கிண்டியிருந்தார்! கண்டக்டர் விசிலைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பஸ் முழுக்க இறங்கிக் கரையில் நின்றது.

மாட்டு டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். நாய்க்கு வியர்க்காது, இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும். இந்த ஜாதிக்கோ மூச்சுப் போகிற வழியே குறுகல். குட்டை மூக்குதான் அழகென்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்தது மனிதன். மூச்சு முட்டுவது நாய்க்கு. நம் ஆசைக்கு யார் யாரெல்லாம் இரைக்க வேண்டியிருக்கிறது!

கொஞ்ச நேரத்தில் இழுப்பு அடங்கியது. நாக்கு சிவந்தது. ஒரு தும்மல் — ராஜம் முகத்திலேயே! அவள் அழுதுகொண்டே சிரித்தாள். கரையில் ஒரே கைதட்டல்.

"இங்கன உக்காருத்தா, காத்து வரும்," என்று முன் ஸீட் வியாபாரி எழுந்து இடம் கொடுத்தார்.

பெரியகுளத்தில் இறங்கும்போதே கெட்டிமேளம் காதில் விழுந்தது. டாலியை என் கையில் திணித்துவிட்டு ராஜம் ஓடினாள். தம்பி முதல் முடிச்சைப் போட்டுவிட்டு, அடுத்ததைப் போடாமல் வாசலைப் பார்த்தபடி இருந்தான். அக்காவைக் கண்டதும் அவன் முகத்தில் வந்த சிரிப்பு! அவன் இரண்டாவதைப் போட, ராஜம் மூன்றாவதைப் போட்டாள். புடவையிலிருந்து மணமேடையெல்லாம் சொட்டச் சொட்டத் தண்ணீர்.

விஷயத்தைச் சொன்னேன். பெண்ணின் தாயார் ஈரப் புடவையைப் பார்த்தார், நாயைப் பார்த்தார்.

அவர் சிரித்துவிட்டார். "நல்லதாப் போச்சு. ஈரக் கையால போட்ட முடிச்சு லேசுல அவுராது!"